வீட்டுக் கணினியில் அட்மின் கணக்கும் லாகின் திரையும்: மலையில் இருப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கோத்தகிரி, குன்னூர் பக்கத்து வீடுகளில் ஒரே கணினியை மூன்று நான்கு பேர் பயன்படுத்துவது வழக்கம். அப்பா இலைக் கணக்கு எழுதுவார், பிள்ளைகள் படிப்பார்கள், ஹோம்ஸ்டே இருந்தால் முன்பதிவும் அதிலேயே ஓடும். பெரும்பாலும் எல்லாரும் ஒரே கணக்கில்தான் நுழைவார்கள். அது அட்மின் கணக்காகவும், அதாவது கணினியில் எதையும் மாற்ற அதிகாரமுள்ள கணக்காகவும், இருக்கும். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்டும் நெட்டும் போய், ஒன்று வந்து இன்னொன்று வராத நாளில் கணினி பாஸ்வேர்டை ஏற்க மறுக்கும்போதுதான் இதில் எவ்வளவு சிக்கல் என்று தெரியும்.

அன்றாடக் கணக்கையும் அட்மின் கணக்கையும் பிரிக்கும் வழி கீழே இருக்கிறது. இது விண்டோஸ் 11 ஹோம் பதிப்புக்கானது. விண்டோஸ் 10-இலும் படிகள் ஏறக்குறைய இவைதான். மெனு பெயர்கள் மட்டும் சற்று மாறும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். நான் பார்த்தவரை மாட்டிக்கொண்டவர்கள் தவறான பட்டனை அழுத்தியவர்கள் அல்லர், சரியான பட்டனை முன்கூட்டியே அழுத்தியவர்கள்.

1. உட்காரும் முன்

ஒரு நோட்டும் பேனாவும் வேண்டும். பாஸ்வேர்டுகளை அந்தக் கணினியிலேயே ஒரு ஃபைலில் எழுதி வைப்பவர்கள் உண்டு. உள்ளே போக முடியாத நாளில் அந்தக் குறிப்பையும் திறக்க முடியாது. ஃபோனில் படம் எடுத்து வைப்பதும் வேண்டாம். ஃபோன் தொலைந்தால் எல்லாம் சேர்ந்து போகும்.

நெட் இருக்க வேண்டும், கரண்ட் நிலையாக இருக்க வேண்டும். புதிய கணக்கில் முதல்முறை நுழையும்போது விண்டோஸ் அதற்கான கோப்புறைகளை உருவாக்கும். அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும், நடுவில் கரண்ட் போனால் அந்தக் கணக்கு அரைகுறையாக நிற்கலாம். மேஜைக் கணினி என்றால் யுபிஎஸ்ஸில் போடுங்கள், லேப்டாப் என்றால் முழுக்க சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள். காற்றும் மழையுமாக இருக்கிற நாளில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

முக்கியமான ஃபைல்களை ஒரு பென் டிரைவில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

2. இப்போது யார் அட்மின் என்று பாருங்கள்

செட்டிங்ஸ் → அக்கவுண்ட்ஸ் → ‘யுவர் இன்ஃபோ’. பெயருக்குக் கீழே ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று இருக்கிறதா? கூடவே மின்னஞ்சல் முகவரி இருக்கிறதா, ‘லோக்கல் அக்கவுண்ட்’ என்று இருக்கிறதா? இரண்டையும் நோட்டில் எழுதுங்கள்.

பிறகு ‘அதர் யூசர்ஸ்’ பக்கத்தையும் திறந்து வேறு யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். இங்கேதான் பலருக்கு முதல் அதிர்ச்சி. கணினி வாங்கிய நாளில் கடைக்காரர் அவசரத்துக்குத் தன் மின்னஞ்சலிலேயே அமைத்துக் கொடுத்திருப்பார். அல்லது பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் தன் முகவரியில் அமைத்துவிட்டுப் போயிருப்பார். தெரியாத முகவரி இருந்தால் பதறி உடனே நீக்கிவிடாதீர்கள். அடுத்த படியில் தேடப்போகும் சாவி அந்த முகவரியில்தான் இருக்கக்கூடும்.

3. ரெக்கவரி கீ எங்கே இருக்கிறது?

செட்டிங்ஸ் → ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ → ‘டிவைஸ் என்க்ரிப்ஷன்’. அது ‘ஆன்’ என்று இருந்தால் உங்கள் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது. தினமும் உங்களுக்குத் தெரியாமலேயே அது தானாகத் திறந்துகொள்கிறது, அவ்வளவுதான். மதர்போர்டு மாற்றினாலோ, சில சமயம் பயாஸ் (கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டுக்குப் பிறகோ, ஒரு நீலத் திரை வந்து ‘ரெக்கவரி கீ’ என்ற 48 இலக்க எண்ணைக் கேட்கும். ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள். அது கையில் இல்லையென்றால் டிஸ்கில் இருப்பது யாருக்கும் இல்லை. எந்தக் கடையிலும் திறந்து தர முடியாது.

பொதுவாக இந்த எண், மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சலோடு முதலில் நுழைந்த அட்மினின் கணக்கில் போய்ச் சேரும். அந்தக் கணக்கின் வலைப்பக்கத்தில் நுழைந்து, ‘டிவைசஸ்’ பகுதியில் உங்கள் கணினியைத் தேர்ந்தெடுத்தால் கிடைக்கும். நோட்டில் எழுதி, இன்னொருவரை வாசிக்கச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். கடைக்காரரின் முகவரி என்றால் அவரிடமே கேட்டு வாங்குங்கள். அவர் அந்த மின்னஞ்சலை மறந்திருந்தால், நீங்கள் இப்போது உள்ளே இருக்கும்போதே டிவைஸ் என்க்ரிப்ஷனை ‘ஆஃப்’ செய்துவிடுவது நல்லது. அது முழுதாக அவிழச் சில மணி நேரம் ஆகலாம். முடியும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

4. முதலில் இரண்டாவது அட்மின் கணக்கு

இந்த வழிகாட்டியின் நடுத்தூண் இதுதான். தினமும் பயன்படுத்தும் கணக்கிலிருந்து அட்மின் அதிகாரத்தை எடுக்கப்போகிறோம். அதற்கு முன் அந்த அதிகாரத்தை ஏற்க இன்னொரு கணக்கு தயாராக இருக்க வேண்டும்.

பலர் தலைகீழாகச் செய்வார்கள். பழைய கணக்கை அட்மினாகவே விட்டுவிட்டு, தங்களுக்கென்று புதிதாக ஒரு சாதாரணக் கணக்கு திறப்பார்கள். உள்ளே போனதும் டெஸ்க்டாப் வெறுமையாக இருக்கும். “என் ஃபைல் எல்லாம் போச்சு!” என்று ஃபோன் வரும். ஃபைல்கள் போகவில்லை, பழைய கணக்கின் கோப்புறையில் பத்திரமாகத்தான் இருக்கின்றன. பழைய கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு அதன் தகுதியை மட்டும் குறைத்தால் இந்தக் குழப்பமே வராது.

‘அதர் யூசர்ஸ்’ → ‘ஆட் அக்கவுண்ட்’ அழுத்துங்கள். மின்னஞ்சல் கேட்கும் பெட்டி வரும். எதையும் தட்டாமல் ‘இந்த நபரின் சைன்-இன் விவரம் என்னிடம் இல்லை’ என்ற பொருள்படும் இணைப்பை அழுத்துங்கள். அடுத்த திரையில் ‘மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் பயனரைச் சேர்’ என்பதை அழுத்துங்கள். இப்படி உருவாவதுதான் லோக்கல் கணக்கு. நெட்டே தேவைப்படாத கணக்கு என்பதால் மலைக்கு இதுதான் சரி.

கட்டபெட்டு பக்கம் ஒரு வீட்டில், கோயம்புத்தூரில் இருக்கும் மருமகனின் மின்னஞ்சலை இரண்டாவது அட்மினாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். அவர் அந்தக் கணினியில் ஒருமுறைகூட நுழைந்ததில்லை. ஐப்பசி மழையில் ஃபைபர் அறுந்த வாரத்தில் அட்மின் தேவைப்பட்டபோது, ஃபோனில் அவர் சொன்ன பாஸ்வேர்டு சரியாக இருந்தும் கணினி ஏற்கவில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒரு கணினியில் முதல்முறை நுழைய நெட் கட்டாயம் வேண்டும்.

பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்ததும் மூன்று ரகசியக் கேள்விகள் வரும்: முதல் வளர்ப்புப் பிராணி, பிறந்த ஊர், படித்த முதல் பள்ளி என்ற ரகம். நம் ஹட்டிகளில் (மலைக் கிராமங்களில்) ஒருவர் வீட்டு நாயின் பெயர் ஊருக்கே தெரியும், பள்ளியும் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆகவே உண்மையான பதிலைக் கொடுக்காதீர்கள். சம்பந்தமில்லாத சொல் எதையாவது கொடுத்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கேள்வித் தொல்லை வேண்டாம் என்று பாஸ்வேர்டைக் காலியாக விடுவோரும் உண்டு. அப்படிச் செய்தால் கேள்வி வராதுதான், ஆனால் லாகின் திரையில் யார் அழுத்தினாலும் அட்மின் திறந்துகொள்ளும்.

உருவாக்கியதும் வேலை முடியவில்லை. புதுக் கணக்கு முதலில் சாதாரணமாகத்தான் இருக்கும். அதன் மேல் அழுத்தி, ‘சேஞ்ச் அக்கவுண்ட் டைப்’ → ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ → ஓகே.

5. நெட்டை அணைத்துவிட்டுச் சோதியுங்கள்

புதிய அட்மின் கணக்கில் ஒருமுறை நுழைந்து, டெஸ்க்டாப் வரும்வரை காத்திருங்கள். பிறகு ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இப்போது இரண்டு கணக்கிலும் மாறி மாறி நுழைந்து பாருங்கள். புதியதில் நுழைந்திருக்கும்போது செட்டிங்ஸின் ‘அதர் யூசர்ஸ்’ பக்கத்தில் பழைய கணக்கின் தகுதியை மாற்றும் பட்டன் கண்ணுக்குத் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் இது உண்மையிலேயே அட்மின்.

மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டை ஃபோனில் மாற்றியிருந்தால், கணினி நெட்டில் சேர்ந்து விவரம் அறியும்வரை பழைய பாஸ்வேர்டைத்தான் ஏற்கும். “நேத்துதானே மாத்தினேன்!” என்று புதியதையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று பழைய மேஜைக் கணினிகளுக்கு. மதர்போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், பெரும்பாலும் சிஆர் 2032 என்ற வகை. அது தீர்ந்திருந்தால் நீண்ட பவர்கட்டுக்குப் பிறகு தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான வலைத்தளங்கள் திறக்காது, ஆன்லைன் கணக்குச் சரிபார்ப்பும் தடுமாறும். பாஸ்வேர்டைச் சந்தேகிக்கும் முன் தேதியைப் பாருங்கள்.

6. இப்போது அன்றாடக் கணக்கின் தகுதியைக் குறையுங்கள்

புதிய அட்மின் கணக்கில் இருந்தபடியே ‘அதர் யூசர்ஸ்’ → பழைய கணக்கு → ‘சேஞ்ச் அக்கவுண்ட் டைப்’ → ‘ஸ்டாண்டர்டு யூசர்’. பழைய கணக்கு ஏற்கெனவே திறந்திருந்தால் சைன் அவுட் செய்து திரும்ப நுழைந்த பிறகுதான் மாற்றம் முழுதாகப் பலிக்கும். முந்தைய சோதனையைத் தாண்டாமல் இங்கே வந்தவர்கள்தான், பாஸ்வேர்டு நினைவில்லாத ஒரு அட்மினோடு நிற்பார்கள்.

இனி அந்தக் கணக்கில் பிரவுசர், எக்செல், பிரிண்டர், வைஃபை எல்லாம் முன்போலவே ஓடும். கணினி முழுவதற்கும் மென்பொருள் நிறுவ, கடிகாரத்தை மாற்ற, அடுத்தவர் ஃபைலைத் திறக்க மட்டும் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். பிள்ளைகள் விளையாட்டில் ஜெயிக்க ஏதோ ‘சீட்’ (குறுக்குவழி) கிடைக்கிறது என்று இறக்கிய ஃபைல் கணினி முழுவதும் பரவாமல் நிற்பது இந்த இடத்தில்தான். ஆனால் அந்தக் கணக்கின் சொந்த ஃபைல்களை அது கெடுக்கலாம். பென் டிரைவ் நகல் அதற்காகத்தான்.

அட்மின் பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி வரும்போது அனிச்சையாகப் பாஸ்வேர்டை அடிக்காதீர்கள். நிரலின் பெயரும், வெளியிட்டவர் யார் என்பதும் அதில் இருக்கும். வெளியிட்டவர் ‘அன்நோன்’ என்றிருந்தால் நின்று யோசியுங்கள். நீங்கள் எதையும் நிறுவாத நேரத்தில் பெட்டி வந்தால் ‘நோ’ அழுத்துங்கள். பிள்ளைகள் பக்கத்தில் நின்று விரல்களைப் பார்ப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

7. வீட்டாருக்கும் விருந்தினருக்கும்

மற்றவர்களுக்கும் இதே வழியில் ஸ்டாண்டர்டு கணக்கு திறக்கலாம். தமிழில் பெயர் வைக்க ஆசைப்படுபவர்கள் ஒரு வரிசையைக் கடைப்பிடிக்க வேண்டும். முதலில் ஆங்கில எழுத்தில் சின்னதாக, இடைவெளி இல்லாமல் ஒரு பெயர் கொடுத்து உருவாக்குங்கள். பிறகு கண்ட்ரோல் பேனல் → யூசர் அக்கவுண்ட்ஸ் வழியே போய்ப் பெயரைத் தமிழில் மாற்றுங்கள். காரணம், கோப்புறையின் பெயர் கணக்கு உருவானபோதே நிலைத்துவிடும். பின்னால் மாற்றுவது திரையில் தெரியும் பெயர் மட்டும்தான். கோப்புறைப் பெயர் தமிழில் இருந்தால் சில பழைய மென்பொருள்கள் திணறும். மைக்ரோசாஃப்ட் கணக்காக உருவாக்கினால் கோப்புறைக்கு மின்னஞ்சலின் முதல் ஐந்து எழுத்து வந்து உட்கார்ந்துவிடும், பார்க்கவே சகிக்காது.

ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள் ரயில் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வரும் விருந்தினருக்கென்று ஒரு கணக்கு திறந்துவிடுங்கள். ‘கெஸ்ட்’ என்ற பெயரை விண்டோஸ் ஏற்காது, அது ஒதுக்கப்பட்ட பெயர். ‘விசிட்டர்’ என்று வையுங்கள்.

எல்லாரும் பார்க்க வேண்டிய ஃபைல்களை சி டிரைவில் ‘யூசர்ஸ்’ கோப்புறைக்குள் இருக்கும் ‘பப்ளிக்’ கோப்புறையில் போடலாம். இலைக் கணக்கை அதில் போட வேண்டாம், விருந்தினர் கணக்கிலிருந்தும் அது திறக்கும்.

8. பின் நம்பரும் கைரேகையும்

செட்டிங்ஸ் → அக்கவுண்ட்ஸ் → ‘சைன்-இன் ஆப்ஷன்ஸ்’. பின் நம்பர் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே உரியது, நெட் இல்லாமலும் வேலை செய்யும். அதனால் தினசரி உபயோகத்துக்கு இதுவே போதும். ஏடிஎம் எண்ணை மட்டும் இங்கே வைக்காதீர்கள். சில தடவை தவறாக அடித்தால் திரையில் சில எழுத்தும் எண்ணும் காட்டி, அதை அப்படியே தட்டச் சொல்லும். வைரஸ் என்று பயப்பட வேண்டாம். விசைகள் தற்செயலாக அழுந்துகின்றனவா என்று விண்டோஸ் பார்க்கிறது.

கைரேகை நல்ல வசதிதான், ஆனால் மலையில் அதை மட்டும் நம்ப முடியாது. மார்கழிக் காலையில் விரல் விறைத்து வறண்டிருக்கும், மழையில் ஈரமாக இருக்கும். இலை பறித்தும் கவாத்து வெட்டியும் தேய்ந்த விரல்களில் ரேகையே சரியாகப் பதியாது. கட்டை விரலைவிடக் குறைவாகத் தேய்ந்த விரலைப் பதியுங்கள். அதே விரலை ‘இன்னொரு விரல்’ என்று இரண்டாம் முறையும் பதிய முடிகிறதா என்று பாருங்கள், முடிந்தால் அடையாளம் காண்பது கொஞ்சம் தேறும்.

அதே பக்கத்தில், மைக்ரோசாஃப்ட் கணக்குகளுக்கு ‘விண்டோஸ் ஹலோ’ (பின் நம்பர், கைரேகை போன்ற வழிகள்) மட்டும் போதும் என்கிற சுவிட்ச் ஒன்று இருக்கும். அதை ஆஃப் செய்யுங்கள். ஆன் ஆக இருந்தால் பாஸ்வேர்டால் நுழையும் வழி திரையில் தெரியாது. பின் நம்பர் ஒருநாள் பழுதாகும்போது அந்த வழி வேண்டும்.

9. லாகின் திரை

‘சைன்-இன் ஆப்ஷன்ஸ்’ பக்கத்திலேயே, கணினி தூங்கி எழுந்ததும் பாஸ்வேர்டு கேட்க வேண்டுமா என்பது இருக்கும். ‘நெவர்’ வேண்டாம். எழுந்துபோகும்போது விண்டோஸ் விசையோடு எல் விசையை அழுத்தும் பழக்கத்தை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுங்கள். கணக்குகளைப் பிரித்துவிட்டுத் திரையைத் திறந்தே விட்டுப் போனால் என்ன பிரயோஜனம்?

மின்னஞ்சல் முகவரியை லாகின் திரையில் காட்டும் சுவிட்சையும் ஆஃப் செய்யுங்கள். செட்டிங்ஸ் → சிஸ்டம் → ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ உள்ளே, பூட்டிய திரையில் அறிவிப்புக் காட்டுவதையும் நிறுத்துங்கள். கணினி வரவேற்பறையில் இருந்தால் உங்கள் மின்னஞ்சல் தலைப்பை வருகிறவர் போகிறவர் எல்லாம் படிக்க வேண்டாம். பின்னணிப் படத்தை ‘பர்சனலைசேஷன்’ → ‘லாக் ஸ்கிரீன்’ பக்கத்தில் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம்.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சரியான பாஸ்வேர்டைப் போட்டும் ‘தவறு’ என்று வந்தால், பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்திப் பிடியுங்கள். ஆங்கில எழுத்து ‘கே’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ம’ தெரிந்தால் விசைப்பலகை தமிழ் 99-இல் நிற்கிறது. விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் அழுத்தினால் ஆங்கிலத்துக்கு மாறும். இது நிரந்தரமாகத் தீர வேண்டுமென்றால் முதலில் உங்கள் கணக்கில் ஆங்கில விசைப்பலகையை முதலிடத்தில் வையுங்கள். பிறகு ‘டைம் அண்ட் லாங்வேஜ்’ → ‘லாங்வேஜ் அண்ட் ரீஜன்’ → ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ் லாங்வேஜ் செட்டிங்ஸ்’ → ‘காப்பி செட்டிங்ஸ்’ போய், ‘வெல்கம் ஸ்கிரீன்’ கட்டத்தில் டிக் போடுங்கள். இதற்கு அட்மின் பாஸ்வேர்டு கேட்கும்.

10. பாஸ்வேர்டு மறந்துவிட்டால்

லோக்கல் கணக்கில் தவறாக ஒருமுறை அடித்தாலே ‘ரீசெட்’ இணைப்பு வரும். அந்த மூன்று ரகசியக் கேள்விகளுக்கான பதில்களையும் கொடுத்தால் போதும். அவசரப்பட்டு அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். புதிதாக விண்டோஸ் 11 நிறுவிய கணினிகளில் பத்து முறை தவறினால் பத்து நிமிடம் பூட்டிக்கொள்ளும்.

மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் பதிந்து வைத்த ஃபோன் எண்ணுக்குக் குறியீடு வரும். சிம்மை மாற்றிவிட்டு அங்கே பழைய எண்ணையே விட்டிருப்பவர்கள் ஏராளம். பதிந்து வைத்த பாதுகாப்பு விவரம் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற நேர்ந்தால் 30 நாள் காத்திருக்க வேண்டும். இன்றைக்கே எண்ணைச் சரிபாருங்கள்.

அட்மின் கணக்கிலிருந்து அடுத்தவரின் லோக்கல் பாஸ்வேர்டை மாற்றிக்கொடுக்கவும் முடியும். அப்படி மாற்றினால் அவர் பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் திறக்காமல் போகலாம். கேள்வி வழி இருக்கும்வரை இதைக் கையில் எடுக்காதீர்கள்.

11. வேண்டாத கணக்கை நீக்குவது கடைசியில்

கடைக்காரரின் கணக்கு, ஊரை விட்டுப் போன மகனின் கணக்கு எல்லாவற்றையும் இப்போது எடுக்கலாம். ரெக்கவரி கீ நோட்டில் இருக்கிறது அல்லது என்க்ரிப்ஷன் அவிழ்ந்துவிட்டது, புதிய அட்மின் சோதனையில் தேறிவிட்டது என்பதை இன்னொருமுறை பாருங்கள்.

செட்டிங்ஸ் வழியே ‘ரிமூவ்’ அழுத்தினால் அந்தக் கணக்கின் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், படங்கள் எல்லாம் சேர்ந்து அழியும். ரீசைக்கிள் பின்னிலும் தேட முடியாது. ஆகவே கண்ட்ரோல் பேனல் → யூசர் அக்கவுண்ட்ஸ் → ‘மேனேஜ் அனதர் அக்கவுண்ட்’ வழியே போங்கள். அங்கே ‘டிலீட் த அக்கவுண்ட்’ அழுத்தினால் ஃபைல்களை அழிக்கவா, வைத்துக்கொள்ளவா என்று கேட்கும். ‘கீப் ஃபைல்ஸ்’ கொடுத்தால் அவை உங்கள் டெஸ்க்டாப்பில் ஒரு கோப்புறையாக வந்துவிடும். மின்னஞ்சலும் பிரவுசர் புக்மார்க்குகளும் அதில் வராது. அவை வேண்டுமென்றால் நீக்கும் முன்பே அந்தக் கணக்கில் நுழைந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.